நிற்பவையும் நிற்பவரும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஆங்கிலம் நமக்கு அயல்மொழிதான். எனினும் அதன் சொற்கள் பல நம் லயங்களுக்குள் என்றோ குடிவந்துவிட்டன. செக்ரோல் என்கிறோம், பிரட்டு என்கிறோம். பொருள் கேட்டுக்கொண்டா பேசுகிறோம்? அதனால் பெருங்கேடு ஒன்றும் இல்லை. ஆனால், அசையாத பொருளையும் அசையாத மனிதரையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் சில உள்ளன. அவை நம் பத்திரங்களிலும் அடையாள அட்டைகளிலும் வந்து அமர்ந்திருப்பவை. அவற்றைப் பொருள் தெரியாமல் விட்டுவிடலாகாது. அதனாலேயே இன்று அவற்றைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம்.

முதற்சொல், நாம் நாள்தோறும் வழங்கும் 'எஸ்டேட்' என்பதே. இலத்தீன் மொழியில் 'ஸ்தாரே' என்றால் நிற்றல். அதன் வழிவந்த சொல் பிரெஞ்சு மொழிக்குச் சென்று, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. வடமொழியில் உள்ள 'ஸ்தா' என்னும் வேரும் இதனோடு உடன்பிறந்தது என்பது மொழியறிஞர் முடிவு. ஸ்தானம், ஸ்தாவரம் இரண்டும் அவ்வேரிலிருந்து தோன்றியவை. ஸ்தாவரமே தமிழில் தாவரம் ஆயிற்று. நின்ற இடத்தில் நிற்பது என்பது அதன் பொருள். ஆகவே எஸ்டேட்டும் அங்கு வளரும் தாவரமாகிய பால்மரமும் பெயரளவில் உறவினர் ஆகின்றனர்!

இதில் வேடிக்கை என்னவெனில், நின்ற இடத்தில் நிற்கும் இந்த மரம் கடல் கடந்து வந்த மரமாகும். 1876ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து அதன் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்னர் நம் பாட்டன்மாரும் கப்பலேறி வந்தனர். மரமும் வந்தது, மனிதரும் வந்தனர். மரம் நிலத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. மனிதரோ செக்ரோலில் ஒரு பெயராக இருந்தனர்.

இதனைச் சட்டத்தின் சொல்லிலேயே காணலாம். 'இம்மூவபிள் பிராப்பர்ட்டி' என்றால் அசையாச் சொத்து. மலாயில் 'ஹர்த்தா தாக் ஆலே' என்பர். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி, மண்ணில் வளரும் மரமும் மண்ணோடு நிலையாகப் பொருத்தப்பட்ட கட்டடமும் நிலத்தைச் சேர்ந்தவை. மரத்திலிருந்து மங்கில் இறங்கிய பால் மட்டும் அசையும் பொருளாகிவிடுகிறது. நிலம் கைமாறினால் மரமும் லயமும் அதனோடு சேர்ந்தே கைமாறும். லயத்தில் வாழ்பவர் அவ்வாறு சேர்ந்து செல்வதில்லை. அவருடைய வீடு வேலையோடு பிணைந்தது, வேலை நின்றால் வீடும் இல்லை.

இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் பல விற்கப்பட்டுத் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தோர் மூட்டை கட்ட நேர்ந்தது. அதற்கு மாற்றாகவே துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அசையாச் சொத்தின் உரிமையில் பால்வெட்டுவோரும் பங்கு பெற்றனர்.

பிற்காலத்திலும் தோட்டங்கள் மறைந்தன. முதல் உலகப் போருக்குப் பின் தோன்றிய பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில், 1995இல் பணி தொடங்கிய புத்ராஜெயா இன்று நிற்கிறது. எஸ்டேட் என்னும் சொல்லில் நிற்றல் இருக்கிறது. தோட்டம் நிற்கும் என்று அச்சொல் உறுதி சொல்லவில்லை.

இனி, அசையாத மனிதரைக் குறிக்கும் சொற்களைக் காண்போம். இடத்தை விட்டு நகராதவரை 'ஸ்குவாட்டர்' என்பர்; குந்தி அமர்ந்தவர் என்பதே அதன் அடிப்பொருள். வேலை முடிந்த பின்னும் போக்கிடமின்றி லயத்தில் தங்கியவருக்கு இப்பெயர் சூட்டப்பட்டதுண்டு. முப்பது ஆண்டு பால் வெட்டியவர் ஒரே நாளில் குந்தியவர் ஆகிவிட்டார்! கொண்ட கருத்தில் அசையாதவருக்கோ இரண்டு பெயர்கள். பிடிக்காதவர் 'அப்ஸ்டினேட்' என்பார்; பிடித்தவர் 'ஸ்டெட்ஃபாஸ்ட்' என்பார். முன்னது பிடிவாதம், பின்னது உறுதி. இரண்டு சொற்களிலும் நிற்றல் என்னும் அதே வேர் இருக்கிறது. நிற்பவர் ஒருவரே, பெயர் மட்டும் சொல்பவரைப் பொறுத்தது. ஆசிரியப் பயிற்சி பெற்ற நமக்கே இதைக் கண்டபோது சிரிப்பு வந்தது.

ஆனால் சிரிக்க இயலாத சொல் ஒன்று உண்டு. 'பெர்மனன்ட் ரெசிடென்ட்', மலாயில் 'பெண்டுடுக் தெத்தாப்', தமிழில் நிரந்தரவாசி. சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்போர் இவ்வகையினர். முதற்சொல்லுக்கு இறுதிவரை தங்குதல் என்றும் இரண்டாவதற்கு அமர்ந்திருப்பவர் என்றும் பொருள். இவ்வளவு அழுத்தமான இரண்டு சொற்கள் சேர்ந்திருக்க, இனி என்ன குறை என்று நம் பெரியவர்கள் பலர் இருந்துவிட்டனர். நிரந்தரவாசி வேறு, குடிமகன் வேறு என்பதை 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உணர்த்தியது. குடியுரிமை இல்லாதார் வேலை அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்றது அச்சட்டம். சிவப்பு அட்டை இருந்தும், 1969க்குப் பின் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். நிரந்தரம் என்று எழுதிய அட்டையோடுதான் அவர்கள் கப்பலேறினர்.

இன்றும் சிவப்பு அட்டையோடு வாழும் முதியோர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அத்தகையோர் இருப்பின், அவர்களுடைய அட்டை, பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு வையுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லையெனில் இல்லை என்றே சொல்லுங்கள். அவர்களைத் தேசியப் பதிவு இலாகாவுக்குத் தனியே அனுப்பாமல், மலாய் நன்கு பேசத் தெரிந்த பிள்ளை ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள்.