உதவிப் பையில் என்ன இருக்க வேண்டும்?

(அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உலகத்தில் எல்லோருக்கும் சத்தான சாப்பாடு கிடைக்க நிலமும் தண்ணீரும் போதுமா? 2019-இல் ஈட்-லான்செட் என்ற விஞ்ஞானிகள் குழு இதைக் கணக்குப் பார்த்தது. 2050-இல் 1,000 கோடிப் பேர் ஆனாலும் முடியும் என்றது. ஆனால் விவசாயம் திருந்த வேண்டும், வீணாவது பாதியாகக் குறைய வேண்டும், தட்டும் மாற வேண்டும். பருப்பு, காய், பழம் கூட வேண்டும். ஆட்டு, மாட்டு இறைச்சி வாரத்துக்குச் சுமார் 100 கிராம் போதுமாம். கல்யாண சீசனில் இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும்தான்!

நம் தாராபுரத்தைப் பார்ப்போம். அமராவதிப் பாசனத்தில் நெல் விளைகிறது. மானாவாரிக் காடுகளில் விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. மூலனூர் முருங்கை லாரியில் வெளியூர் போகிறது. ரேஷனில் 2011 முதல் அரிசி இலவசம். அதனால் பெரும்பாலான வீடுகளில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. விடியற்காலை பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறும் நம் பிள்ளைகள் பலருக்கு டீயும் பன்னும்தான் காலை ஆகாரம். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.

ஆகவே மாதந்தோறும் ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் பையை மாற்ற எண்ணுகிறோம். 10 கிலோ அரிசியை 4 கிலோவாக்கி, மீதிப் பணத்தில் துவரம் பருப்பு, பாசிப்பயறு, கொள்ளு, நிலக்கடலை, முட்டை. பயறு வகைகளுக்கு நெல்லைவிடத் தண்ணீர் குறைவு, மண்ணுக்கும் நல்லது. "பை கனமாக இருந்தால்தானே உதவி மாதிரி இருக்கும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ரேஷன் கார்டு இல்லாத வெளிமாநிலக் குடும்பங்களுக்குப் பழைய பையே தொடரும்.

இன்னொன்று, வலீமா விருந்து. ஐ.நா. கணக்குப்படி 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. விருந்தில் மிஞ்சினால் சோறு ஆறிப் புளிக்கும் முன்பே, பந்தி முடிந்த கையோடு எங்களுக்கு போன் செய்யுங்கள். இளைஞர்கள் வண்டியோடு வருவார்கள்.

பை மாற்றம் பற்றி வரும் ஜும்ஆவுக்குள் உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள். வீட்டில் சமைக்கிறவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்; கொள்ளு கொடுத்தால் ஆக்குவார்களா, அப்படியே டப்பாவில் கிடக்குமா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.