அரளிச் செடியை அறிந்து வளர்ப்போம்



தோட்டத்து மாரியம்மன் கோயில்களின் வேலியோரத்தில் அரளிச் செடியைப் பார்த்திருப்பீர்கள். பூசைக்கு மாலை கட்ட வேண்டும் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அரளிதான். வெள்ளை, சிவப்பு, இளஞ்சிவப்பு என்று ஆண்டு முழுவதும் பூக்கும் இச்செடியை வீட்டு வாசலில் வளர்ப்பது எப்படி, வளர்க்கும்போது எதில் எச்சரிக்கை வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

அரளியை விதை போட்டு வளர்க்க வேண்டியதில்லை. மிகவும் முற்றாத, அதே சமயம் மிக இளசாகவும் இல்லாத கிளையில் ஒரு சாண் நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். கீழ்ப்பகுதி இலைகளை நீக்கிவிட்டு, மணல் கலந்த ஈர மண்ணில் நிழலான இடத்தில் நட்டு வையுங்கள். சில வாரங்களில் வேர் பிடிக்கும். பிறகு நல்ல வெயில் படும் இடத்துக்கு மாற்றலாம். நிழலில் வைத்தால் இலைதான் தழைக்கும், பூ குறையும்.

நம் நாட்டு மழைக்கு அரளியின் முதல் எதிரி தேங்கும் தண்ணீர். பள்ளமான இடத்தில் நட்டால் வேர் அழுகிவிடும். ஆகவே மண்ணை மேடாக்கி நடுங்கள். புதுக் கிளையில்தான் பூ வரும் என்பதால், ஒரு முறை பூத்து ஓய்ந்ததும் கிளை நுனிகளை வெட்டிவிடுங்கள். இளந்தண்டில் மஞ்சள் நிற அசுவுணிப் பூச்சிகள் மொய்த்தால் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் போதும்.

தாய்மார்களே, இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். அரளியின் வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. அது இருதயத்தின் துடிப்பையே தடுமாறச் செய்யும். மணி வடிவப் பூப் பூக்கும் மஞ்சள் அரளியும் அப்படித்தான். கிள்ளினால் பால்மரத்தைப் போல வெண்பால் வடியும். அதன் பச்சைக் காயைப் பிள்ளைகள் விளையாட எடுப்பார்கள். உள்ளே இருக்கும் விதை மிகக் கொடிய நஞ்சு. தவழும் குழந்தை உள்ள வீட்டில் அரளியே வேண்டாம். அதற்குப் பதில் செம்பருத்தியோ மல்லிகையோ வையுங்கள்.

வெட்டிய கிளைகளை ஆடு மாடு மேயும் இடத்தில் போடாதீர்கள். காய்ந்த இலையிலும் நஞ்சு போகாது. அடுப்பில் வைத்து எரிக்கவும் கூடாது, புகையும் கெடுதல். குச்சியைச் சீவி இறைச்சி கோத்துச் சுடுவதோ, சட்டியைக் கிண்டுவதோ கூடவே கூடாது. கோயிலில் பூவைப் பாலிலும் பிரசாதத் தட்டிலும் படாமல் வையுங்கள். செடியைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பிள்ளை தவறித் தின்றுவிட்டால் என்ன செய்வது? வாயில் மிச்சம் இருப்பதை எடுத்து, தண்ணீரால் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். விரலை விட்டோ உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புளிக்கரைசல், மோர் என்று கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே 999 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தின்ற செடியின் ஒரு கிளையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அது உதவும். வாந்தி, வயிற்றுவலி, மயக்கம் ஆகியவை சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஆகவே, 'பிள்ளை விளையாடிக்கொண்டுதானே இருக்கிறான்' என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

அரளியை வெறுக்க வேண்டியதில்லை. சாமிக்குப் பூத் தரும் செடி அது. வேலிக்கு அப்பால், பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் அது பூக்கட்டும். இன்று மாலை பிள்ளைகளைச் செடியருகே அழைத்துச் சென்று, "இது பார்க்க மட்டும்தான், வாயில் வைக்கக் கூடாது" என்று ஒரு முறை சொல்லிக் கொடுங்கள்.