சிவகாசியின் இன்னொரு சரம்

இலை உதிர்க்கும் மரத்தை வீட்டு வாசலில் வைக்கப் பலர் தயங்குகிறார்கள். மொட்டையாக நின்றால் பட்டுப்போன மரம் என்று நினைப்பு. ஆனால் விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக் கரிசல் பூமிக்கு அந்தக் குணம்தான் பொருந்தும். ஐரோப்பியத் தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கும் ஹார்ன்பீம் மரம் குளிருக்காக இலையை விடுகிறது. நம் சரக்கொன்றை வறட்சிக்காக விடுகிறது. இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையோடு ஓய்ந்துவிடும். அதன்பின் இலை வழியே ஆவியாகும் நீரை மிச்சம் பிடிக்கத்தான் மரம் இலையைக் கழிக்கிறது. அந்தச் சிக்கனத்துக்குப் பிறகுதான் சித்திரை வெயிலில் மஞ்சள் சரங்கள் தொங்குகின்றன.

வெயில் ஏறும்போது நிழல் இல்லையே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மொட்டையாக நிற்பது கொஞ்ச காலமே. பூவோடு தளிரும் வந்துவிடும். நிழலே முதல் தேவையென்றால் பக்கத்தில் ஒரு வேம்பும் வைக்கலாம். சருகு தீப்பிடிக்காதா என்பது பட்டாசு ஊரில் இன்னும் கனமான கேள்வி. வெடிமருந்து புழங்கும் அறைகளைச் சுற்றிச் சருகு கிடக்கவே கூடாது. அங்கே இந்த மரம் வேண்டாம். தெருவிலும் பள்ளியிலும் கோயில் வளாகத்திலும் வைக்கலாம். சருகை எரிக்காமல் குழியில் போட்டால் உரமாகும். கொன்றை சிவனுக்கு உகந்த பூ. சிவன் பெயர் தாங்கிய ஊருக்கு வேறென்ன பொருத்தம் வேண்டும்? 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தது. சரக்கொன்றைக்குத் தடை ஏதுமில்லை. வரும் ஐப்பசி மழையில் ஒரு கன்று நடுங்கள்.