மூட்டு வலியும் உரிய மருத்துவரும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வு அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

நம் பள்ளிவாசலின் ஸஃப்புகளை ஒருமுறை நோக்குங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓரத்தில் ஒன்றிரண்டாக இருந்த நாற்காலிகள் இன்று வரிசையாக நிற்கின்றன. அவற்றில் அமர்வோரில் பெரும்பாலோர் முழங்கால் வலியால் ஸஜ்தாவில் நெற்றியை நிலத்தில் வைக்க இயலாதவர்கள். இவர்களையாவது நாம் கண்ணால் காண்கிறோம். வீட்டில் சமையலறைக்கும் தொழுகை விரிப்புக்கும் இடையே சுவரைப் பிடித்து நடக்கும் நம் தாய்மார்களின் வலி நம் கண்ணில் படுவதேயில்லை. "வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்று அவர்களும் சொல்லிக் கொள்கிறார்கள், நாமும் அதை ஏற்றுக் கொள்கிறோம். இந்த ஒரு சொல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். முதுமை ஒன்றைத் தவிர ஏனைய நோய்கள் அனைத்திற்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்பதையும் அவர்கள் விளக்கியுள்ளார்கள். முதுமை வேறு, முதுமையில் வரும் நோய் வேறு என்பது இதிலிருந்து தெளிவாகிறது. மூட்டு வலி முதுமையன்று, அது நோய். அதற்குப் பெயர் உண்டு, மருத்துவமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 52 கோடியே 80 லட்சம் பேருக்கு மூட்டுத் தேய்மான நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் பெண்கள்.

ஒரே வலி, பல நோய்கள்

எலும்பின் முனையை மூடி, மூட்டு வழுக்கி அசைய உதவும் குருத்தெலும்பு நலிவதே மூட்டுத் தேய்மானம். ஆங்கில மருத்துவத்தில் இதனை ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்பர். குருத்தெலும்போடு எலும்பு, சவ்வு, சுற்றியுள்ள தசை ஆகிய அனைத்தும் இதில் பாதிக்கப்படுகின்றன. நடந்தால், படியேறினால், தரையில் அமர்ந்து எழுந்தால் வலி மிகும், ஓய்வெடுத்தால் குறையும். காலையில் எழும்போது மூட்டு விறைப்பாக இருந்தாலும் பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் இளகிவிடும்.

இதைப் போன்றே தோன்றும் வேறு நோய்களும் உள்ளன. அவற்றுள் முக்கியமானது முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றலே மூட்டுகளைத் தாக்குவதால் வருவது இது. கைவிரல்களின் சிறு மூட்டுகள் இரு கைகளிலும் ஒருசேர வீங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்திற்கு மேலும் நீடிக்கும். உடல் சோர்வு உடன் வரும். முப்பது, நாற்பது வயதுப் பெண்களுக்கும் வரும். தொடக்கத்திலேயே உரிய மருந்தைத் தொடங்கினால் மூட்டுகளைக் காப்பாற்றலாம். "தேய்மானம்தான்" என்று வலி மாத்திரையோடு ஓரிரு ஆண்டுகளைக் கழித்துவிட்டால், கோணிப்போன விரல்களை மருந்தால் நிமிர்த்த இயலாது. இரவோடிரவாகக் கால் பெருவிரல் சிவந்து வீங்கினால் அது யூரிக் அமிலத்தால் வரும் கவுட் எனும் நோயாக இருக்கலாம். இம்மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. ஆகவே மாத்திரையைக் கேட்பதற்கு முன் நோயின் பெயரைக் கேளுங்கள்.

யாரிடம் செல்வது?

"எலும்பு டாக்டரிடம் போவதா, வாத டாக்டரிடம் போவதா?" என்று பலரும் கேட்கின்றனர். எலும்பு முறிவு, மூட்டு மாற்று போன்ற அறுவை சிகிச்சைகளில் தேர்ச்சி பெற்றவர் எலும்பு மூட்டு அறுவை மருத்துவர். மூட்டு நோய்களை ஆராய்ந்து கண்டறிந்து, மருந்தாலும் பயிற்சியாலும் குணப்படுத்த முயல்பவர் வாதநோய் மருத்துவர், அதாவது ருமட்டாலஜிஸ்ட். தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சிகளைக் கற்றுத் தருபவர் இயன்முறை மருத்துவர்.

மூட்டுத் தேய்மானம் உள்ள அனைவரும் வாதநோய் மருத்துவரைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அத்தகைய மருத்துவர்கள் நம் மாநிலத்தில் குறைவு. இருப்போரும் பெருநகரங்களிலேயே மிகுதி. முதலில் நம்மை நன்கறிந்த குடும்ப மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்ட வேண்டும். வீக்கமும் வெப்பமும் இருந்தால், காலை விறைப்பு அரை மணியைத் தாண்டினால், பல மூட்டுகள் ஒருசேர வலித்தால், ஐம்பது வயதுக்கு முன்பே வலி தொடங்கினால், அல்லது பல மாத சிகிச்சையிலும் குணம் தெரியாவிட்டால், பரிந்துரைக் கடிதம் பெற்று வாதநோய் மருத்துவரைக் காண வேண்டும். அவர் நோயை உறுதி செய்து சிகிச்சை முறையை எழுதித் தந்தபின், அதனை உள்ளூர் மருத்துவரிடமே தொடரலாம். புகழ்பெற்ற ஒருவரை ஆண்டுக்கொருமுறை ஐந்து நிமிடம் காண்பதைவிட, அருகில் இருக்கும் மருத்துவரைத் தவறாமல் காண்பதே இந்நோய்க்குப் பயன் தரும். ஏனெனில் இது பல்லாண்டுகள் உடன்வரும் நோய்.

தேடும்போது பட்டத்தைக் கவனியுங்கள். பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்து, அதன்மேல் டி.எம். ருமட்டாலஜி அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரே இத்துறையின் முழுப் பயிற்சி உடையவர். "மூட்டு வலி சிறப்பு சிகிச்சை" என்று பலகை வைத்தவர் எல்லோரும் அப்படிப்பட்டவர் அல்லர். மருத்துவரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் இந்நோய்களுக்கெனத் தனித்துறைகள் உள்ளன. பெருநகர மருத்துவர்கள் சிலர் குறித்த நாள்களில் சிறு நகரங்களுக்கும் வந்து நோயாளிகளைப் பார்க்கின்றனர். எனவே பேருந்து ஏறுமுன் அருகிலுள்ள நகரத்து மருத்துவமனைகளில் தொலைபேசியில் விசாரியுங்கள். பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டுமெனில் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

ஆயத்தமாகச் செல்லுங்கள்

பழைய மருந்துச் சீட்டுகள், எக்ஸ்ரே படங்கள், சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து, சூரணம், கடையில் வாங்கிய மாத்திரை என உண்பவை அனைத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். காலை விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்பதை ஒரு வாரம் குறித்து வைத்தால் மருத்துவருக்கு அது பேருதவி. இரத்தத்தில் ஆர்.ஏ. பேக்டர் இருப்பதாக அறிக்கை வந்தால் உடனே அஞ்ச வேண்டாம். நோயில்லாத சிலருக்கும் அது இருப்பதுண்டு. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் உணரும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அறிக்கையை விட நேரில் செய்யும் பரிசோதனையே முதன்மையானது.

புறப்படுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: என் நோயின் பெயர் என்ன? இம்மருந்தை எத்தனை நாள் உண்பது? எந்தப் பயிற்சியைச் செய்வது? மீண்டும் எப்போது வருவது? முடக்குவாதத்திற்குத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்தில் ஒரே நாள் உண்பதாகும். அதனை நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. இதை வீட்டிலுள்ள மற்றவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

சிகிச்சையில் எதை எதிர்பார்க்கலாம்?

தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் மருந்து இதுவரை இல்லை. ஆனால் வலியைக் குறைத்து நடமாட்டத்தைக் காக்க வழிகள் உண்டு. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, கைத்தடி, முழங்காலில் தடவும் வலி நீக்கி ஆகியவற்றை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. முழங்கால் தேய்மானத்திற்குக் குளுக்கோசமைன் மாத்திரையையும், பெருந்தொகை பெற்றுப் போடப்படும் பி.ஆர்.பி., ஸ்டெம் செல் ஊசிகளையும் அது ஏற்கவில்லை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று ஆய்வு காட்டுகிறது. வலீமா விருந்துகள் தொடர்ந்து வரும் மாதங்களில் இந்தக் கணக்கை நினைவில் கொள்ளுங்கள்!

வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி நெடுநாள் உண்பது வயிற்றில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலத் தூளை உண்டவுடன் வலி மாயமாய் மறைந்தால் மகிழாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அதை நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. உடனே மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இவற்றால் பயனின்றி, இரவுத் தூக்கமும் நடமாட்டமும் கெட்டவர்களுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நற்பலன் தருகிறது. செயற்கை மூட்டுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் விலை வரம்பு விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்று வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. ஆகவே மருத்துவமனைக் கட்டணத்தில் மூட்டின் விலையைத் தனியே காட்டச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதில் இச்சிகிச்சைக்கு இடமுண்டா என்பதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

தொழுகையைப் பற்றி ஒரு சொல். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் இடமளித்துள்ளது. அதன் சட்ட விளக்கத்தை நம் இமாம் அவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறுக. மருத்துவத்தின் பக்கம் நின்று நான் சொல்வது இதுதான்: நாற்காலி சிகிச்சைக்கு மாற்று ஆகாது. தொடைத் தசைகள் வலுப்பெற்றால் சிலரேனும் இன்ஷா அல்லாஹ் மீண்டும் விரிப்புக்குத் திரும்பலாம். திரும்ப இயலாதவரும் மனம் வருந்த வேண்டியதில்லை.

ஜமாஅத்துக்கு மூன்று வேண்டுகோள்கள்

ஒன்று: அருகிலுள்ள ஊர்களில் எந்த மருத்துவர் எந்நாளில் பார்க்கிறார் என்ற பட்டியலைப் பட்டங்களோடு சரிபார்த்து, ஆறு மாதத்திற்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இரண்டு: துணையில்லாத முதியோரையும் கைம்பெண்களையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல மஹல்லாவுக்கு இருவரை நியமித்து, வாகனச் செலவைப் பைத்துல் மாலிலிருந்து தர வேண்டும். பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, பணம் இருந்தும் உடன்செல்ல ஆளில்லாமல் வலியைப் பொறுப்பவர்கள் நம் தெருக்களில் உள்ளனர். மூன்று: தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்து அளிக்கும் இயன்முறை சிகிச்சையும் இடம்பெற்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி, நம் மஹல்லாவில் தகுதியுடையோர் பெயர்களைப் பதிவு செய்ய ஜமாஅத் உதவ வேண்டும்.

சகோதரர்களே, இன்று வீட்டிற்குச் சென்றதும் உங்கள் தாயாரிடம், "உம்மா, காலையில் எழுந்தால் கைகால் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்று கேளுங்கள். அரை மணிக்கு மேல் என்றால் இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரை மணிக்குள் என்றாலும் வலி இருந்தால் அப்படியே விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வல்ல நாயன் அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! நம் பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.