ஆயுதம் போட்டு எடுக்கலாமா?

(தாய்மார் கூட்டம் ஒன்றில் பெண் மருத்துவர் ஆற்றிய உரை)



“டாக்டரம்மா, ஆயுதம் மட்டும் போட்டுடாதீங்க. வேணும்னா ஆபரேஷனே பண்ணிடுங்க.” பிரசவ அறை வாசலில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. உங்கள் பாட்டிமார் காலத்தில் ஆபரேஷன் என்றால்தான் நடுங்குவார்கள். இன்று பயம் இடம் மாறிவிட்டது!

ஆயுதம் என்றதும் கத்தியும் கடப்பாரையுமா நினைத்துக்கொள்கிறீர்கள்? நீண்ட காம்புள்ள இரண்டு பெரிய கரண்டிகள், அவ்வளவுதான். நடுவில் வளையம்போலத் துளை இருக்கும். ஒவ்வொன்றாக உள்ளே செலுத்தி, குழந்தையின் கன்னங்களை அணைத்தாற்போல் வைத்துப் பூட்டுவார்கள். வலி வந்து தாய் முக்கும்போது டாக்டர் நிதானமாக இழுப்பார். முதலில் கீழ்நோக்கி, பிறகு மேல்நோக்கி. பாதை அப்படி வளைந்திருக்கிறது.

இதற்கு ஒரு கதை உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சேம்பர்லென் என்ற மருத்துவக் குடும்பத்தார் இக்கருவியை நூறாண்டுக்கும் மேல் வெளியாருக்குக் காட்டாமல் வைத்திருந்தார்கள். அவர்களுடைய கருவிகள் 1813-இல் எசெக்ஸ் பகுதியில் ஒரு பழைய வீட்டின் தரைப்பலகைக்கு அடியில் கிடைத்தன. எத்தனை தாய்மார்கள் இதனால் வீணாகப் போனார்களோ! நம் நாட்டில் கல்கத்தா டாக்டர் கேதார்நாத் தாஸ் இக்கருவியின் வரலாற்றையே 1929-இல் பெரிய புத்தகமாக எழுதினார். நம் பெண்களின் உடல்வாகுக்கு ஏற்ற இலகுவான ஆயுதம் ஒன்றும் அவர் பெயரில் வழங்குகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். கருப்பை வாய் முழுதும் திறந்துவிட்டது. பனிக்குடம் உடைந்துவிட்டது. தலை இடுப்பெலும்புக்குள் நன்றாக இறங்கிவிட்டது. ஆனால் தாய் சோர்ந்துபோய் முக்க முடியவில்லை. அல்லது குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது. இந்த நேரத்தில் வயிற்றைத் திறந்தால், இறங்கிய தலையை மறுபடி மேலே தூக்கித்தான் எடுக்க வேண்டும். கருப்பை கிழியலாம், இரத்தம் நிறையப் போகலாம். ஏற்கெனவே சோகை பிடித்த தாய் இதைத் தாங்குவாளா? தலை தாழ்ந்திருந்தால், பழகிய கைக்கு ஆயுதம் சில நிமிட வேலை. இதய வால்வு சுருங்கிய தாய்மார் கஷ்டப்பட்டு முக்கவே கூடாது. அவர்களுக்கும் இது உதவும். வாக்குவம் இருக்கிறதே என்பீர்கள். 34 வாரம் நிறையாத குழந்தைக்கும், முகம் முதலில் வரும் குழந்தைக்கும் அதை வைக்கக்கூடாது.

ஆனால் அந்தப் பழகிய கை எங்கே? ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-இல் நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் சுமார் 64. 2015-16 ஆய்வில் மாநில எண் 34-ஆகத்தான் இருந்தது. சிசேரியன் உயிர் காக்கும் சிகிச்சை, அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் சிக்கல் என்றதும் எல்லாரும் தியேட்டருக்கே போனால், இளம் டாக்டர் ஆயுதம் போடுவதை எப்போது பார்ப்பார், எப்போது பழகுவார்? போடத் தெரிந்த பெரியவர்கள் ஓய்வு பெற்றுப் போகிறார்கள். புத்தகம் படித்து வருகிற வித்தை இல்லை இது. விரல் நுனியால் உச்சிக்குழியைத் தடவி, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்டுகொள்ள வேண்டும். இரண்டு மூன்று இழுப்புக்குத் தலை இறங்கி வரவில்லையா, உடனே நிறுத்திவிடவும் தெரிய வேண்டும். அந்தப் பின்வாங்கல்தான் கடினமான பாடம் என்பேன். முதலில் பொம்மையில் பழக்கி, பிறகு மூத்தவர் பக்கத்தில் நின்று கைபிடித்துச் சொல்லித்தர வேண்டும். அதற்கு இன்னும் ஆள் இருக்கும்போதே செய்ய வேண்டும்.

கெடுதலே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, மறைக்க மாட்டேன். கன்னத்தில் சிவந்த தடம் சில நாளில் மறையும். எப்போதாவது முக நரம்பு அழுந்தி வாய் ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும். மிக அரிதாக மண்டைக்குள் காயம் ஏற்படுவதும் உண்டு. தாய்க்கு ஆழமான கிழிசல் வாக்குவத்தைவிட இதில் அதிகம். “ஆயுதம் போட்ட புள்ளை மந்தமாயிடும்” என்று ஊரில் பொதுவாகச் சொல்கிறார்களே, அதை மட்டும் நம்பாதீர்கள். வெகுநேரம் மூச்சுத் திணறிய குழந்தைக்கு வந்த கேட்டையும் கருவியின் தலையில் போட்டுவிடுகிறார்கள்.

எட்டாம் மாதப் பரிசோதனையின்போதே கேளுங்கள்: “இங்கே ஆயுதம் போடத் தெரிந்தவர் இருக்காங்களா? அது சரிப்படலைன்னா உடனே ஆபரேஷன் பண்ண வசதி இருக்கா?” வலி வந்தபின் விளக்கம் கேட்க நேரம் இராது. கணவரையும் கூட்டிவந்து கேட்கச் சொல்லுங்கள்; கையெழுத்துப் போடச் சொல்லும்போது அவர்தான் முதலில் திகைத்து நிற்கிறார்.

ஆயுதம் போட்டுப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுநீர் போகாமல் அடைத்தாலும், தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தாலும், மலத்தையோ காற்றையோ அடக்க முடியாவிட்டாலும் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்துவிடாதீர்கள். கிராம சுகாதாரச் செவிலியர் பார்க்க வரும்போது சொல்லுங்கள். அதற்கு வைத்தியம் இருக்கிறது.