வளியின் விசை



காற்று கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும் அதன் செயலை அளந்தறிந்து பெயரிட்டவன் தமிழன். கிழக்கிலிருந்து மழைமுகில் கொணர்வது கொண்டல். மேற்கிலிருந்து வெம்மையோடு வருவது கோடை. வடக்கிலிருந்து நடுக்குவது வாடை. தெற்கிலிருந்து தவழ்வது தென்றல். கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றை ஏவல்கொண்டு கடலிற் கலம் செலுத்தியவன் என்று புறநானூற்றின் 66ஆம் பாட்டிற் சொல்பவர் வெண்ணிக் குயத்தியார். மட்கலம் வனையும் குடியிற் பிறந்த பெண்பாற் புலவர் அவர் என்பதையும் நினைவிற் கொள்க!

தென்றல் உடலைக் குளிர்விப்பது, வியர்வையை உலர்த்தி அதனோடு உடல்வெப்பத்தையும் கொண்டுசெல்வதாலாம். விசிறியின் வேலையும் அதுவே.

அதே காற்று சினந்தெழுந்தால் என்னாகும்? மணிக்கு 120 கி.மீ. விரைவிற் புயல் வீசும் என்று வானொலி அறிவிக்கிறது. அது 40 கி.மீ. காற்றினும் மும்மடங்கு வலியது என்றே பலரும் எண்ணுகின்றனர். அன்று! விரைவு மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். ஆறடி உயரமும் மூன்றடி அகலமும் உள்ள கதவின்மேல் 40 கி.மீ. காற்று ஏறத்தாழ 12 கிலோ எடையளவு அழுத்தும், 120 கி.மீ. காற்றோ 110 கிலோவுக்குக் குறையாது. 1914இல் திறக்கப்பெற்ற பழைய பாம்பன் பாலத்தில், காற்று 58 கி.மீ. விரைவைக் கடந்தால் தொடர்வண்டியை நிறுத்தி வைத்தமை வெற்று அச்சத்தால் அன்று.

கூரை பறப்பதையும் பலர் பிறழ உணர்கின்றனர். காற்று கூரையை அமுக்குவதில்லை, மேலே தூக்குகிறது. கூரைமேல் விரைந்தோடும் காற்றில் அழுத்தம் குறைகிறது. திறந்த வாயில்வழிப் புகுந்த காற்றோ உள்ளிருந்து முட்டுகிறது. தகட்டின்மேல் நாலு கல்லை வைத்துவிட்டு உறங்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்கற்களே பறந்து பிறர் தலையில் விழும். கூரையைச் சுவரோடும், சுவரை அடித்தளத்தோடும் பிணைப்பதே காப்பு.

2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரணியத்தின் அருகே கரைகடந்த கசாப் புயலில், தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் அழிந்தன. பிள்ளையென வளர்த்த மரங்கள்! உழவர் குடும்பங்கள் பல ஓரிரவில் வாழ்விழந்தன.

இன்னொன்று, உயிரோடு தொடர்புடையது. புயலின் நடுவே ‘கண்’ என்னும் அமைதிப் பகுதி உண்டு. அது ஊரைக் கடக்கையில் காற்று ஓயும், வானமும் வெளுக்கலாம். புயல் போயிற்றென்று மக்கள் வெளியே வருவர். கட்டுமரத்தைப் பார்க்க மீனவர் கரைக்கு ஓடுவர். சற்றுப்பொழுதிற் காற்று எதிர்ப்புறத்திலிருந்து அதே வலிமையோடு திரும்பும். நம் கீழைக் கடற்கரையில், மேற்கு நோக்கிவரும் புயல் முதலில் வாடையின் புறத்திலிருந்து அடிக்கும். கண் கடந்தபின் தென்றலின் புறத்திலிருந்து அடிக்கும். முன்னதற்குத் தாங்கிய சுவர் பின்னதற்கு விழும். ஆகவே, காற்று ஓய்ந்ததும் வெளியேறற்க. புயல் கடந்தது என்னும் அறிவிப்பு வருங்காறும் உள்ளேயே இருங்கள். அண்டை வீட்டாரையும் இருத்துங்கள்.