கைந்நாட்டில் போன காணி
(திருமங்கலத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



படைகொண்டு பறிக்கப்பட்ட மண்ணை உலகம் அறியும். தாளும் மையும் கொண்டு பறிக்கப்பட்ட மண்ணை உலகம் அவ்வளவாக அறியாது.

வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சூழ்ந்து தொன்றுதொட்டு வாழ்பவர் அனிசினாபே மக்கள். பழங்குடிகளின் நிலத்தைத் தனியார் எவரும் வாங்கலாகாது. அம்மக்களின் பொதுக்கூட்டத்தில் இசைவு பெற்று முடியரசே வாங்குதல் வேண்டும் என்று 1763-இல் ஆங்கில மன்னன் ஆணையிட்டான். ஆனால், காக்க வந்த வேலியே பயிரை மேய்ந்தது! உடன்படிக்கைகளுக்குப் பின் எஞ்சிய ஒதுக்கீட்டு நிலங்களும் 'ஒப்படைப்பு' என்னும் பெயரால் கைமாறின. கனடாவின் மானிட்டோபா மாநிலத்தில், அனிசினாபே மக்களும் கிரீ மக்களும் வாழ்ந்த செயிண்ட் பீட்டர்சு ஒதுக்கீட்டு நிலத்தில் 1907 செப்தம்பரில் வாக்கெடுத்தனர். ஒப்படைக்க இசைந்தோர் 107 பேர். மறுத்தோர் 98 பேர். ஒன்பது வாக்கு மிகுதியால் ஒரு குடியே வேரோடு பெயர்க்கப்பட்டு வடக்கே அனுப்பப்பட்டது. அவ்வொப்படைப்புச் செல்லாது எனக் கனடா அரசு ஒப்புக்கொள்ள 1998 வரை ஆயிற்று.

தோழர்களே! இத்தகைய கொடுமை தமிழகத்தில் நிகழவில்லையா? நிகழ்ந்தது. ஆயின், ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பறித்தது முடியரசு. இங்கே முடியரசு கொடுத்ததை, உடன்பிறந்த தமிழனே பறித்தான்!

செங்கற்பட்டு மாவட்டத் தண்டலராயிருந்த திரெமென்கீர் என்பார், 1891-இல் பறையர் குடியினரின் நிலைபற்றி அரசுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். உழுபவனுக்கு ஒரு செறுவும் சொந்தமில்லை. அவன் குடிசை நின்ற மண்ணும் காணியாட்சிக்காரனுடையது. தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தால், அதற்கும் காணியாட்சிக்காரனுக்கே முன்னுரிமை. இவ்வறிக்கையின் பயனாக 1892 செப்தம்பர் 30 நாளிட்ட 1010, 1010-அ என்னும் அரசாணைகள் பிறந்தன. இவற்றின்வழிச் சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 இலக்கம் ஏக்கர் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்டதாகக் கணக்கிடுவர்.

நான்கு வருணத்துக்குப் புறம்பான ஐந்தாமவர் என இழித்துக் கூறிய வடசொல்லாலேயே அந்நிலத்துக்குப் 'பஞ்சமி நிலம்' எனப் பெயர் படிந்தது. பெயர் இழிவானதே, உரிமை இழிவானதன்று. பத்தாண்டுகள் வரை அதனை விற்றலும் ஒற்றி வைத்தலும் குத்தகைக்கு விடுதலும் கூடா. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கன்றிப் பிறர்க்குக் கைமாற்றலாகாது. மீறினால், இழப்பீடின்றி அரசு மீட்டுக்கொள்ளலாம். இத்துணை வலிய வேலியிட்டும் அந்நிலங்களிற் பெரும்பகுதி இன்று யார் கையில் உள்ளது?

மருத்துவத்துக்கும் மணச் செலவுக்கும் வாங்கிய கடன் நிலத்தை விழுங்கிற்று. ஆவணத்தில் எழுதப்பட்டது இன்னதெனப் படித்துச் சொல்வாரின்றி, ஏழை உழவன் பெருவிரலில் மை தடவி அழுத்தினான். விரற்பதிவின் கொடுமையை இவ்வட்டாரத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்நாளில் திருமங்கலம் வட்டத்திலிருந்த பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் விரற்பதிவு தர மறுத்த மக்கள்மேல் 1920 ஏப்பிரல் 3 அன்று குண்டு பாய்ந்தது. மாயக்காள் உள்ளிட்ட பலர் மாண்டனர். அங்கே விரலை மறுத்தோர் உயிரிழந்தனர். சேரியில் விரலைக் கொடுத்தோர் நிலமிழந்தனர்.

விடுதலைக்குப் பின்னரும் இவ்விழப்பு நிற்கவில்லை. 1979-இல் தொடங்கிய நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது, பழைய பதிவேட்டில் இருந்த ஒடுக்கப்பட்டோர் நிலம் என்னும் குறிப்புப் பல ஊர்களில் மறைக்கப்பட்டது என்று நிலமீட்பு இயக்கத்தார் குற்றஞ்சாட்டுகின்றனர். மாமல்லபுரத்தை அடுத்த காரணை மக்கள் தம் நிலத்தைக் கேட்டுப் போராடியபோது, 1994 அக்தோபர் 10 அன்று செங்கற்பட்டில் காவல்துறை சுட்டது. சான் தாமசு, ஏழுமலை என்னும் இருவர் உயிரீந்தனர்.

நெடுங்காலம் சென்றமையால் களவு உடைமையாகிவிடாது. செயிண்ட் பீட்டர்சு மக்கள் தொண்ணூறாண்டுகளுக்குப் பின்னும் தம் வழக்கைக் கைவிட்டாரல்லர். ஆணையை மீறிய விற்பனை செல்லாதெனச் சென்னை உயர்நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே, படித்த இளைஞர்களே! உங்கள் ஊரின் பழைய நிலப் பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் அதற்குத் துணை நிற்கும். புல எண்ணைக் குறித்து, ஆள்பவன் யாரென ஒப்பிடுங்கள். சேரி மக்களிடம் அதனைத் தமிழிற் படித்துக் காட்டுங்கள்.

தமிழ்மண் தமிழர்க்கே என முழங்கும் வாய்கள் பல. அம்முழக்கத்தில் உண்மையிருப்பின், சேரித் தமிழனுக்குரிய காணியை வளைத்திருப்போர் முதற்கண் அதனைத் திருப்பித் தரல் வேண்டும்.